இலவச சேவையில் எடைக் குறைப்பு அறுவை: இங்கிலாந்தின் நீண்ட வரிசை

உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையிலும் சிறுகுடலிலும் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைக்கு எழுபது ஆண்டு வரலாறு உண்டு. 1950-களில் அமெரிக்காவின் மினசோட்டாவில், சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு முனைகளை இணைக்கும் முறை வந்தது. எடை குறைந்தது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கும் கல்லீரல் கேடும் வந்ததால் அம்முறை நாளடைவில் கைவிடப்பட்டது. வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பெண்கள் பிறகு எடை போடாமலே இருந்ததை அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் கவனித்தார். அதிலிருந்து 1966-ல் பிறந்ததுதான் இரைப்பை பைபாஸ். 1990-களில் வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியாகவே இதைச் செய்ய முடிந்தபோது, அரிதாக நடந்த ஓர் அறுவை அன்றாடச் சிகிச்சையாக மாறும் நிலை வந்தது.

இன்று பெரும்பாலும் செய்யப்படுபவை இரண்டு. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுக்கப்பட்டு, வாழைப்பழம் போன்ற குழாய் மட்டும் மிஞ்சும். 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்முனை சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைக்கப்படும். இரைப்பையைச் சுற்றிச் சிலிகான் வளையம் மாட்டும் 'பேண்ட்' முறை ஒரு காலத்தில் பிரிட்டனில் பரவலாக இருந்து இப்போது அருகிவிட்டது. வயிறு சிறிதாவதால்தான் எடை குறைகிறது என்பது பொதுவான நம்பிக்கை. அது பாதி உண்மைதான். உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்கு விரைவில் போய்ச் சேர்வதால், 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. பசியைத் தூண்டும் ஹார்மோனின் அளவும் மாறுகிறது. பசி என்ற அமைப்பையே இந்த அறுவை மாற்றியமைக்கிறது. மன உறுதியால் சாதிக்க முடியாததை இது சாதிப்பதற்குக் காரணம் இதுதான். உடல் பருமனை மன உறுதிக் குறைவாகப் பார்க்கும் சமூகத்தில் இது சந்தேகத்தோடு பார்க்கப்படுவதற்கும் காரணம் இதுவே.

பலன் பற்றிய சான்று வலுவானது. சுவீடனில் 1987-ல் தொடங்கிய ஆய்வு, அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும் அதே போன்ற நிலையில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 2,037 பேரையும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. அறுவை பெற்றவர்களிடையே இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்ததாக 2007-ல் அறிவிக்கப்பட்டது. 2020-ல் வெளிவந்த கணக்கு, அவர்கள் சுமார் 3 ஆண்டு கூடுதலாக வாழ்ந்ததைக் காட்டியது; ஆனால் பொதுமக்களின் சராசரி ஆயுளைவிட அது இன்னும் சுமார் 5.5 ஆண்டு குறைவு. இரண்டாம் வகை நீரிழிவில் விளைவு இன்னும் வியப்பானது. வட கரோலைனாவின் வால்டர் போரிஸ் குழு 1995-ல் வெளியிட்ட கட்டுரை, பைபாஸ் செய்துகொண்ட நீரிழிவு நோயாளிகளில் பெரும்பாலோரின் ரத்தச் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பி ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்ததைக் காட்டியது. 2016-ல் பன்னாட்டு நீரிழிவு அமைப்புகள் பல ஒன்றுகூடி, இந்த அறுவையை நீரிழிவுக்கான சிகிச்சை முறைகளில் ஒன்றாகவே ஏற்றன. ஆபத்தும் பலர் அஞ்சும் அளவுக்கு இல்லை. பிரிட்டனின் தேசிய அறுவைப் பதிவேட்டின்படி, மருத்துவமனையில் நேரும் இறப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

சிகிச்சை நல்லது, ஆபத்து குறைவு என்றானபின் மிஞ்சும் கேள்வி, யாருக்குக் கிடைக்கும் என்பது. பணம் கொடுத்து வாங்கும் நாட்டில் விலையே அதற்கு விடை சொல்லிவிடும். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ். 1948-லிருந்து நோயாளியிடம் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்காமல் நடப்பது. அங்கே விலை செய்யும் வேலையை வேறு எதுவோ செய்தாக வேண்டும். எடைக் குறைப்பு அறுவையில் அந்த வேலையை மூன்று சேர்ந்து செய்கின்றன: ஓர் எண், ஒரு படிக்கட்டு, ஒரு முகவரி. 'கிடையாது' என்று யாரும் நேரே சொல்வதில்லை.

முதலில் எண். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1991-ல் பெத்தெஸ்டாவில் கூட்டிய நிபுணர் மாநாடு, பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து கடுமையான இணைநோய்களும் இருந்தாலோ அறுவையைப் பரிசீலிக்கலாம் என்றது. வயிற்றைத் திறந்து செய்த காலத்து ஆபத்தை எடைபோட்டுக் குறித்த வரம்பு அது. அறுவையின் முறை மாறியது, ஆபத்து பலமடங்கு குறைந்தது; எண் மட்டும் உலகம் சுற்றி நிலைத்துவிட்டது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த பொது விதியிலும் அதே 40, அதே 35 உள்ளன. உலகின் முதன்மையான இரு எடைக் குறைப்பு அறுவை அமைப்புகள் 2022-ல்தான் சேர்ந்து அந்த எண்களைத் தளர்த்தின: இணைநோய் இல்லாவிட்டாலும் 35 போதும், வளர்சிதை நோய் இருந்தால் 30-லேயே பரிசீலிக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-லிருந்து.

ஆசியருக்குத் தனி எண் ஏன் என்பது தமிழர் உடலோடு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரையும் தெற்காசியரையும் ஒப்பிட்டால், தெற்காசியரின் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதல். அது வயிற்றுப் பகுதியில் சேர்வதும் கூடுதல். நீரிழிவு இளம் வயதிலேயே, குறைந்த எடையிலேயே வந்துவிடும். இதைக் கருதி இங்கிலாந்தின் வழிகாட்டுதல் தெற்காசியர், சீனர், கறுப்பினத்தவர் முதலானோருக்கு வரம்பை 2.5 குறைத்து வைத்திருக்கிறது. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ வாழும் ஓர் ஈழத்தமிழருக்கு 40 என்பது 37.5 ஆகும், 35 என்பது 32.5 ஆகும். காகிதத்தில் இந்தச் சலுகை தெளிவாகவே உள்ளது. பரிந்துரை எழுத வேண்டிய குடும்ப மருத்துவருக்கு அது நினைவில் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

எந்தச் சிகிச்சை செலவுக்குத் தகுந்தது என்று என்.எச்.எஸ்.ஸுக்குச் சொல்வது 'நைஸ்' என்ற நிறுவனம். எடைக் குறைப்பு அறுவையை அது முதலில் 2002-ல் ஆராய்ந்து ஏற்றது. அந்த ஏற்பு 'தொழில்நுட்ப மதிப்பீடு' என்ற வகையில் வந்தது. அந்த வகைக்குச் சட்ட வலு உண்டு. நைஸ் ஏற்றதற்கு உள்ளூர் சுகாதார அமைப்பு பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். 2006 டிசம்பரில் உடல் பருமன் பற்றிய பெரிய வழிகாட்டுதல் வெளிவந்தபோது, பழைய மதிப்பீடு அதற்குள் கரைக்கப்பட்டது. வழிகாட்டுதலுக்கோ அந்தக் கட்டாயம் கிடையாது. உள்ளூர் அமைப்பு அதைக் கருத்தில் கொண்டால் போதும். வாசகம் விரிந்தது, பிடி தளர்ந்தது. அடுத்த இருபது ஆண்டுக் குழப்பத்தில் பெரும்பகுதி, வெளியே யாரும் கவனிக்காத இந்த வகை மாற்றத்திலிருந்தே கிளைக்கிறது.

2014-ல் புதுப்பித்த வழிகாட்டுதல் இன்னும் தாராளமானது. பி.எம்.ஐ. 35-க்கு மேல் இருந்து, நீரிழிவு வந்து பத்தாண்டு ஆகாதவர்களை விரைந்து பரிசோதிக்க வேண்டும். 30 முதல் 35 வரை உள்ள புதிய நீரிழிவு நோயாளிகளையும் பரிசீலிக்கலாம் என்றது. உணவுக் கட்டுப்பாடு முதலிய எல்லா வழிகளையும் முயன்று தோற்றிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2023-ல் தளர்த்தப்பட்டது. 2025 ஜனவரியில் எல்லாம் ஒரே தொகுப்பாக வந்தன. ஒவ்வொரு முறையும் தகுதி பெறுவோர் தொகை கூடியது. அறுவைகளின் தொகை கூடவில்லை. 2006 விதியின்படியே இங்கிலாந்தின் வயது வந்தோரில் 5.4 சதவீதம் பேர், அதாவது 21 லட்சத்துக்கு மேல், தகுதி பெறுவார்கள் என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் என்.எச்.எஸ். ஆண்டுக்குச் செய்தது ஏறத்தாழ 6,500. புதிதாக ஒருவர்கூடச் சேராவிட்டாலும், அந்த வேகத்தில் இருப்பவர்களை முடிக்க முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகும்.

தகுதியுள்ள எல்லோரும் அறுவை வேண்டுபவர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பலர் அஞ்சுவார்கள், பலருக்கு அது தேவையில்லை, சிலருக்கு வேறு நோய்களால் அது ஆகாது. ஆனாலும் இடைவெளியின் அளவு விருப்பத்தால் மட்டும் விளங்குவதாக இல்லை.

அதை விளக்குவது படிக்கட்டு. இங்கிலாந்தின் உடல் பருமன் சேவைகள் நான்கு படிகளாக அமைக்கப்பட்டன. முதற்படி பொதுவான விழிப்புணர்வு. இரண்டாவது, சமூக அளவிலான எடைக் குறைப்பு வகுப்புகள். மூன்றாவது, மருத்துவர், உணவியலாளர், உளவியலாளர், உடற்பயிற்சியாளர் அடங்கிய சிறப்புக் குழு. நான்காவதுதான் அறுவை. மூன்றாம் படியில் ஆறு மாதம், சில இடங்களில் ஓராண்டுக்கு மேல், இருந்து முடித்தவரே நான்காவதற்குப் போக முடியும் என்பது நடைமுறையானது. மருத்துவ நோக்கில் இதற்கு நியாயம் உண்டு. அறுவைக்குப் பின் வாழ்நாள் முழுதும் உணவுப் பழக்கம் மாற வேண்டும். உண்ணுதலில் உளச்சிக்கல் உள்ளவரை முன்பே கண்டுகொள்ள வேண்டும். தூக்கத்தில் மூச்சடைப்பு போன்ற மறைந்த நோய்களைக் கண்டுபிடித்து மயக்க மருந்துக்கு உடலைத் தயார் செய்ய வேண்டும்.

சிக்கல் அந்தப் படியே பல ஊர்களில் இல்லாததில் தொடங்கியது. 2013-ல் என்.எச்.எஸ். பெரிய அளவில் திருத்தியமைக்கப்பட்டபோது முதல் இரண்டு படிகள் உள்ளாட்சி மன்றங்களுக்குப் போயின. அறுவை, லீட்ஸிலிருந்து நாடு முழுதையும் பார்க்கும் என்.எச்.எஸ். இங்கிலாந்து அமைப்புக்குப் போனது. நடுவில் நின்ற மூன்றாம் படி யாருடையது என்பது தெளிவாக எழுதப்படவில்லை. உள்ளாட்சி, அந்தப் பகுதியின் சிகிச்சைகளுக்குப் பணம் ஒதுக்கும் மருத்துவக் குழுமத்தைக் காட்டியது, குழுமம் என்.எச்.எஸ். இங்கிலாந்தைக் காட்டியது. மூன்றாம் படி இல்லாத மாவட்டத்தில் வாழ்பவருக்கு விதிப்படி நான்காம் படி திறக்காது. விதியை மீறியவர் யாரும் இல்லை, வழியும் இல்லை. 2016-க்குப் பிறகு அறுவையின் பொறுப்பும் உள்ளூர்க் குழுமங்களிடம் திரும்பியது. 2022 ஜூலையில் அந்தக் குழுமங்கள் கலைக்கப்பட்டு, 42 ஒருங்கிணைந்த வாரியங்கள் வந்தன. இருபது ஆண்டில் பொறுப்பு மூன்று முறை கை மாறியிருக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒப்பந்தங்கள் மறுபடி எழுதப்பட்டன, காத்திருப்போர் காத்திருந்தனர்.

படி இருக்கும் ஊர்களிலும் ஏறுவது எளிதாக இல்லை. வகுப்புகளும் சந்திப்புகளும் பெரும்பாலும் வேலைநாளின் பகல் நேரத்தில் நடந்தன. சந்திப்பைத் தவறவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படலாம். ஆர்வத்தை நிரூபிக்க எடையில் 5 சதவீதம் குறைத்துக் காட்ட வேண்டும் என்று சில இடங்களில் கேட்டார்கள். குறைக்க முடியாதவர் 'ஒத்துழைக்காதவர்' ஆனார். நன்றாகக் குறைத்தவர் வரம்புக்குக் கீழே இறங்கிவிடும் அபாயத்தில் நின்றார். பரிந்துரையிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது என்.எச்.எஸ். சாசனத்தின் வாக்குறுதி. மூன்றாம் படியில் கழியும் மாதங்களோ பெரும்பாலும் அறுவைக்கான காத்திருப்புக் கணக்கில் தெரிவதில்லை. புள்ளிவிவரத்தில் வரிசை குட்டையாகத் தெரிந்ததற்கு, அதன் பெரும்பகுதி வேறு கட்டடத்தில் நின்றதும் ஒரு காரணம்.

மூன்றாவது, முகவரி. வீட்டு அஞ்சல் குறியீட்டைப் பொறுத்துச் சிகிச்சை கிடைப்பதும் கிடைக்காததுமாக இருப்பதை ஆங்கிலேயர் 'போஸ்ட்கோடு லாட்டரி' என்பார்கள். எடைக் குறைப்பு அறுவை அதற்குப் பாடப்புத்தக உதாரணம். 2013-க்கு முன் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட உள்ளூர் சுகாதார அமைப்புகள் தத்தம் வரம்பைத் தாமே வகுத்தன. நைஸ் 40 என்றிருக்க, பணம் போதாத பல இடங்களில் வரம்பு 50 ஆனது. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 40 என்பது சுமார் 109 கிலோ. 50 என்பது 136 கிலோ. இடையில் 27 கிலோ. 109 கிலோவில் நீரிழிவோடு மருத்துவரிடம் போனவருக்குக் கிடைத்த விடையின் நடைமுறைப் பொருள், இன்னும் 27 கிலோ கூடட்டும் என்பதுதான். வேண்டுமென்றே எடை போட்டு வந்த நோயாளிகளைப் பற்றி அறுவை நிபுணர்களே பேசினார்கள். யாருக்குக் கிடைக்கிறது என்பது நோயைவிட இருப்பிடத்தைப் பொறுத்திருப்பது நெறியற்றது என்று இங்கிலாந்தின் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரி 2010-ல் கண்டித்தது.

இது நீதிமன்றத்துக்கும் போனது. வடக்கு ஸ்டாஃபோர்ட்ஷயரில் பி.எம்.ஐ. 43 உள்ள நீரிழிவு நோயாளி ஒருவருக்கு, உள்ளூர் வரம்பு 50 என்பதால் அறுவை மறுக்கப்பட்டது. 'விதிவிலக்கான நிலை' என்று தனி விண்ணப்பம் போட வழி உண்டு. ஆனால் அதில் மருத்துவக் காரணங்கள் மட்டுமே எடுபடும், குடும்பத்தையும் சமூக வாழ்க்கையையும் பற்றிய காரணங்கள் எடுபடா. இது குடும்ப வாழ்வுக்கான மனித உரிமையை மீறுகிறது என்று வாதிடப்பட்டது. 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அளவான பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பது சுகாதார அமைப்பின் முடிவு. மருத்துவக் காரணங்களை மட்டும் பார்ப்பது எல்லோரையும் சமமாக நடத்தும் நேர்மையான வழி என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தின் பக்கமிருந்து பார்த்தால் தீர்ப்பில் குறை காண்பது கடினம். வழிகாட்டுதல் என்பது ஆணை அல்ல என்ற 2006-ன் மாற்றம் எவ்வளவு தூரம் பாயும் என்பதை அது காட்டிவிட்டது.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. யார்க் பகுதியின் மருத்துவக் குழுமம் 2016-ல், பி.எம்.ஐ. 30-க்கு மேல் உள்ளவர்களுக்கு அவசரமில்லாத அறுவைகளை ஓராண்டு வரை தள்ளிப்போடப் போவதாக அறிவித்தது. 10 சதவீத எடையைக் குறைத்துவிட்டால் முன்பே செய்யப்படும். கடும் எதிர்ப்பு எழுந்ததும் என்.எச்.எஸ். இங்கிலாந்து குறுக்கிட்டு மறுபரிசீலனை செய்யச் சொன்னது. மூட்டு மாற்ற வேண்டுமானால் எடையைக் குறைத்து வா என்று சொல்லும் அதே சேவைதான், எடையைக் குறைக்கும் அறுவைக்கு இன்னும் எடை கூடட்டும் என்றும் வேறிடத்தில் சொல்லியிருக்கிறது.

வரிசையின் முன்பகுதிக்கு வந்து சேர்பவர்கள் யார் என்று பார்த்தால் வடிகட்டி தெரியும். இங்கிலாந்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உடல் பருமன் ஏறத்தாழ ஒரே அளவில்தான் உள்ளது. அறுவை பெறுபவர்களில் ஐந்தில் நான்கு பங்கு பெண்கள். ஆண்கள் மருத்துவரிடம் எடையைப் பற்றிப் பேச வருவது குறைவு, வந்தாலும் பிந்தி வருகிறார்கள். அறுவைக்கு வரும்போது என்.எச்.எஸ். நோயாளியின் சராசரி பி.எம்.ஐ. 50-ஐ நெருங்கியிருப்பதைத் தேசியப் பதிவேடு காட்டுகிறது. மூன்று மாடிப்படி வரிசையை நிற்காமல் ஏற முடியாதவர்களே பெரும்பான்மை. விதி 35-லும் 40-லும் திறக்கும் கதவுக்கு மக்கள் 50-ல் வந்து சேர்கிறார்கள். நீரிழிவு பழையதாக ஆக, அறுவையால் அது தணியும் வாய்ப்பு குறையும். எனவே காத்திருப்பு என்பது தாமதத்தோடு நிற்பதில்லை, சிகிச்சையின் பலனையே தேய்க்கிறது.

முதல் வாசலில் நிற்பவர் குடும்ப மருத்துவர். சராசரியாகப் பத்து நிமிடச் சந்திப்பில் எடையைப் பற்றிய பேச்சைத் தொடங்கவே அவர் தயங்குவார். நோயாளி புண்படுவாரோ என்ற அச்சம் ஒரு பக்கம், அனுப்ப இடமில்லையே என்ற அலுப்பு மறுபக்கம். கேட்கத் தெரிந்தவர், ஆங்கிலத்தில் வாதிடத் தெரிந்தவர், கடிதத்துக்குப் பதில் கடிதம் எழுதத் தெரிந்தவர் முன்னேறுகிறார். உடல் பருமன் ஏழைப் பகுதிகளில்தான் மிகுதி; படிக்கட்டு ஏறத் தேவையான ஓய்வு நேரமும் பேச்சுத்திறனும் அங்கேதான் குறைவு.

பணக் கணக்கு விந்தையானது. அறுவைக்கான செலவு ஒரே நாளில் ஒரே அமைப்பின் தலையில் விழுகிறது. அதனால் மிச்சமாவது, நீரிழிவு மருந்து, கண் சிகிச்சை, சிறுநீரகச் சுத்திகரிப்பு, வேலையிழந்தோர் உதவித்தொகை என்று பல ஆண்டுகளில் பல கணக்குகளில் சிதறி விழுகிறது. நீரிழிவு உள்ளவருக்குச் செய்த செலவு சில ஆண்டுகளில் திரும்பிவிடும் என்று பொருளியல் ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. ஆனால் இவ்வாண்டின் வரவு செலவைச் சமன் செய்ய வேண்டிய உள்ளூர் வாரியத்துக்கு, பத்தாண்டு கழித்து நிதி அமைச்சகத்துக்கு மிச்சமாகப் போவது ஆறுதல் தராது. பொதுமக்கள் கருத்தும் துணைக்கு வருவதில்லை. புற்றுநோய் மருந்து கிடைக்காவிட்டால் தெருவில் இறங்குவார்கள். 'தின்று கொழுத்தவர்' என்று கருதப்படுபவருக்காக யாரும் இறங்குவதில்லை. நிதி நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவதும், கோவிட் காலத்தில் நின்றுபோன அறுவைகள் மீண்டும் தொடங்கியபோது வரிசையின் கடைசியில் வைக்கப்பட்டதும் இந்த அறுவைதான்.

பொதுச் சுகாதார அமைப்பு என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டவும் முடியாது. இங்கிலாந்தைவிடச் சற்றே கூடுதல் மக்கள்தொகையும் குறைந்த உடல் பருமனும் உள்ள பிரான்சு, 2006-ல் சுமார் 15,000 அறுவைகள் செய்தது. 2016-ல் ஏறத்தாழ 60,000. அங்கே சமூகக் காப்பீடு, அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் செலவை ஏற்கிறது. ஒவ்வோர் அறுவையும் மருத்துவமனைக்கு வருமானம். ஆனால் அந்த வேகத்துக்கும் விலை இருந்தது: ஐந்தாம் ஆண்டில் அறுவை நிபுணரிடம் மறுபரிசோதனைக்கு வருபவர்கள் மூன்றில் ஒருவருக்கும் குறைவாக இருந்ததை ஆய்வுகள் காட்டின. கனடாவில் சராசரிக் காத்திருப்பு ஐந்தாண்டைத் தாண்டியதாக 2009-ல் ஒரு கணக்கெடுப்பு சொன்னது. ஒன்டாரியோ மாகாணம் தன் நோயாளிகளை அரசுச் செலவில் அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பணத்தை உள்ளூரிலேயே செலவிட 2009-ல் தனி வலையமைப்பை உருவாக்கிய பிறகுதான் நிலை சீரானது. ஆஸ்திரேலியாவில் எல்லோருக்கும் பொதுவான மெடிகேர் உண்டு, ஆனால் 2014-15 கணக்கில் எடைக் குறைப்பு அறுவைகளில் எட்டில் ஏழு தனியார் மருத்துவமனைகளில் நடந்தன. இலவச அமைப்புக்குள்ளேயே விலை மறுபடி நுழைந்துவிட்ட நாடு அது.

இங்கிலாந்திலும் விலை வேறு வழியில் நுழைந்தது. உள்நாட்டுத் தனியார் மருத்துவமனையில் அறுவைக்குப் பத்தாயிரம் பவுண்டு அளவில் ஆகும். துருக்கியில் விமானக் கட்டணம், விடுதி, அறுவை எல்லாம் சேர்த்து அதில் மூன்றில் ஒரு பங்குக்கே முடியும். வரிசையில் பொறுமையிழந்தவர்கள், வரிசையில் சேரவே தகுதி கிடைக்காதவர்கள், சமூக ஊடக விளம்பரம் பார்த்தவர்கள் என்று பலர் இஸ்தான்புல்லுக்குப் பறந்தனர். அங்கே திறமையான நிபுணர்கள் உண்டு. பிரச்சினை பெரும்பாலும் திரும்பி வந்த பிறகே. தையலில் கசிவு வந்தால், ரத்தம் கட்டினால், சத்துக் குறைந்தால் போய் நிற்பது அருகிலுள்ள என்.எச்.எஸ். அவசரப் பிரிவில். துருக்கியில் மருத்துவப் பயணம் போய் 2019-க்குப் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் குடிமக்கள் இறந்ததாக பிரிட்டனின் வெளியுறவு அலுவலகம் பயண எச்சரிக்கையில் குறிப்பிட்டது. எடைக் குறைப்பு அறுவை மட்டுமல்லாமல் எல்லாச் சிகிச்சைகளையும் சேர்த்த எண்ணிக்கை அது.

பின்தொடர் கவனிப்புதான் இந்தச் சிகிச்சையின் மறைந்த பாதி. அறுவை முடிந்தவர் இரண்டு ஆண்டு அறுவைக் குழுவின் பார்வையில் இருக்க வேண்டும். பிறகு ஆயுள் முழுதும் ஆண்டுக்கு ஒருமுறை குடும்ப மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நைஸ் விதி. இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி, பைபாஸ் செய்தவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி12 ஊசி என்று பட்டியல் நீளும். வாந்தி நிற்காமல் தயாமின் குறைந்தால் நரம்பு நிரந்தரமாகக் கெடும். வெள்ளைச் சோற்றையும் இனிப்பையும் வழக்கம்போல் உண்டால், பைபாஸ் செய்தவருக்குப் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வரும். இரண்டாண்டு முடிந்து குடும்ப மருத்துவரிடம் திரும்பும்போது இந்தக் கண்காணிப்பு நழுவுவது பரவலாக நடக்கிறது. தனியாரிடமோ வெளிநாட்டிலோ செய்துகொண்டவரின் விவரமே அவர் கோப்பில் இல்லாமல் போகலாம்.

இந்த நிலையில்தான் ஊசிகள் வந்தன. பைபாஸுக்குப் பிறகு கூடுதலாகச் சுரக்கும் ஜி.எல்.பி-1 ஹார்மோனைப் போலச் செயல்படும் செமாக்ளுடைடு, 'வெகோவி' என்ற பெயரில் 2023 செப்டம்பரில் பிரிட்டனுக்கு வந்தது. அதன் முதன்மைச் சோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. 'மவுஞ்சாரோ' என்ற டிர்செப்படைடில் உயர் அளவில் 21 சதவீதம் வரை. பைபாஸின் பலனுக்கு இது இன்னும் சற்றுக் கீழே. நிறுத்தினால் குறைந்த எடையின் பெரும்பகுதி திரும்புகிறது. என்றாலும் கத்தி வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த லட்சக்கணக்கானோர் இப்போது மருத்துவரின் கதவைத் தட்டினார்கள். ஊசி எழுதும் உரிமை முதலில் சிறப்புக் குழுக்களுக்கே இருந்ததால், ஏற்கெனவே நிரம்பி வழிந்த மூன்றாம் படி இன்னும் அடைத்தது. சில பகுதிகளில் புதிய பரிந்துரைகளை ஏற்பதே நிறுத்தப்பட்டது. அறுவைக்குப் போக வேண்டியவரும் அதே அடைப்பின் பின்னால் நின்றார்.

டிர்செப்படைடை நைஸ் 2024 டிசம்பரில் ஏற்றபோது, அது 2002-ல் அறுவைக்குக் கிடைத்த அதே வகை ஏற்பு: சட்ட வலு உள்ள தொழில்நுட்ப மதிப்பீடு. விதிப்படி மூன்று மாதத்தில் தகுதியுள்ள எல்லோருக்கும் கிடைத்திருக்க வேண்டும். தகுதியுள்ளவர்கள் சுமார் 34 லட்சம் பேர் என்பதால் என்.எச்.எஸ். விலக்குக் கேட்டுப் பெற்றது. 12 ஆண்டுகளில் படிப்படியாகக் கொடுப்பது, முதல் மூன்றாண்டில் ஏறத்தாழ 2,20,000 பேருக்கு என்று முடிவானது. 2025 ஜூனில் குடும்ப மருத்துவர் வழியாகத் தொடங்கிய முதல் கட்டத்துக்கு நிபந்தனை, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல். அதோடு நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதய நோய், ரத்தக் கொழுப்பு, தூக்க மூச்சடைப்பு ஆகிய ஐந்தில் நான்கு. தெற்காசியருக்கு 37.5. அறுவைக்கான வரிசையில் இதனால் மாற்றம் எதுவும் எழுதப்படவில்லை. 165 செ.மீ. உயரமும் 109 கிலோவும் நீரிழிவும் உள்ள, வேறு இணைநோய் இல்லாத ஓர் ஆங்கிலேயருக்கு, முதல் கட்டத்தில் ஊசி கிடையாது. அறுவைக்குப் பரிந்துரைக்கப்படும் தகுதி அவருக்கு இரண்டு பத்தாண்டாகவே உண்டு.